வசந்தாவுக்கு வந்த தூக்குச்சோறு

முத்தியால்பேட்டை வசந்தாவுக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனபோது சந்தோஷத்தைவிட பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. தலைப்பிள்ளை மூச்சில்லாமல் பிறந்திருந்தது. எழுபத்தாறாம் வருஷம் அது. இப்போது எழுபத்தெட்டு.

மாமியார் செல்வாம்பாள் கெட்டவள் இல்லை. மகள் மணியம்மாளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். வயிற்றில் பிள்ளை பெருத்துத்தான் மகள் போனாள் என்பது அவள் மனதில் ஆணி அடித்தாற்போல இருந்தது. அதனால் மருமகளுக்குச் சோற்றைக் குறைத்தாள். காலையில் நீராகாரம், மத்தியானம் ஒரு கை சோறு. பிள்ளை சின்னதாக இருந்தால் சுலபமாக வந்துவிடுமாம். ரத்தம் கம்மி, கீரையும் முட்டையும் வயிறாரச் சாப்பிடு என்று ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொன்னதை வசந்தா வந்து சொன்னாள்.

"அவங்க சொல்லிடுவாங்க. வலி எடுத்தா அவங்களா வந்து முக்கப் போறாங்க?" என்றாள் செல்வாம்பாள்.

வசந்தாவுக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடுமோ, சாப்பிடாவிட்டால் உள்ளேயே வாடிவிடுமோ. எடுத்த கவளம் தொண்டையிலேயே நிற்கும். புருஷன் கோவிந்தராசு மில்லில் ஷிப்டு முடித்து வந்து, அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று படுத்துவிடுவான். ஐந்தாம் மாதம், தெருக்குழாயில் குடத்தைத் தூக்கியவள் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சேதி பெரிய மார்க்கெட்டுக்குப் போனது. அங்கே கீரை விற்கிற தையல்நாயகி, செல்வாம்பாளுக்கு உடன்பிறந்த அக்கா. வந்து சண்டை போடுவாள் என்று வசந்தா பயந்தாள். அவள் போடவில்லை. மறுநாள் ஒரு தூக்கு நிறைய சோறும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து வசந்தா முன்னால் வைத்தாள். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்குச் சொந்தம் கொண்டுவரும் சோற்றைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். செல்வாம்பாள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அப்புறம் வில்லியனூரிலிருந்து செல்வாம்பாளின் நாத்தனார் குஞ்சம்மாள் முட்டைக் குழம்போடு வந்தாள். வசந்தாவின் சித்தி அஞ்சலாட்சி கேழ்வரகு அடை தட்டி எடுத்துவந்தாள். வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் பிரசவக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கிற நேரத்தில் கவளம் தானாக இறங்கியது.

எல்லாம் அக்காவின் ஏற்பாடு என்று செல்வாம்பாளுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

"சாதிசனத்தயே கெளப்பி வுட்டிருக்கியேக்கா, ஒனக்கு யாவாரம் இல்லியா?"

"இருக்குது. மணியம்மா சோத்தால சாவலடி. வண்டி கெடைக்காம வூட்லயே கெடந்தாளே, அதாலதான் போனா. கூட இருந்து பாத்தவ நீ."

செல்வாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தையல்நாயகி தேற்றவில்லை, பக்கத்திலேயே இருந்தாள்.

அடுத்த நாள் தூக்கு வரவில்லை. செல்வாம்பாள் இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பை மூட்டினாள். சுடுசோற்றில் கீரையைக் கடைந்து ஊற்றி, அவித்த முட்டையை உரித்து வைத்து, வசந்தாவின் முன் தட்டைத் தள்ளினாள்.

"இன்னைக்கி என் மொற. துன்னு."

வலி லேசாகக் கண்டதுமே ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் அவள்தான். பெண்பிள்ளை. பிறந்ததும் போட்ட சத்தம் வராந்தாவரைக்கும் கேட்டது.

அந்தப் பெண்ணுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் வசந்தா கவளத்துக்கு ஒரு பேர் சொல்வாள். இது தையல்நாயகி ஆயா, இது வில்லியனூர் ஆயா, இது அஞ்சலாட்சி ஆயா. தட்டை வழித்து உருட்டுகிற கடைசிக் கவளம் மட்டும் எப்போதும் செல்வாம்பாளுக்கு. அதைக் காதில் வாங்காதவள் போல, செல்வாம்பாள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள்.