மீந்த ஓர் இலை

பழனியில் மொட்டை போடக் கோம்பையிலிருந்து குடும்பமாகக் கிளம்பினோம். வண்டி பிடிப்பதும் தங்க இடம் பார்ப்பதும் என் பொறுப்பு. உத்தமபாளையம் வரை மாட்டுவண்டிகள், அங்கிருந்து தேனிக்கு இரண்டு பஸ்ஸில் பிரிந்து, தேனிச் சத்திரத்தில் சாப்பாடு. இருபத்து நான்கு பேர் வருகிறோம் என்று சத்திரத்துக்கு முன்பே கார்டு எழுதியிருந்தேன்.

பஸ் ஏறும்போது தலைகளை எண்ணத் தொடங்கினேன். அத்தை தடுத்தார்.

"ஏலே, மனுசரை எண்ணாத. கண்ணு பட்டுரும்."

நிறுத்திவிட்டேன்.

தேனியில் பந்தியில் உட்கார்ந்தோம். "ஒரு எலை சும்மா கெடக்கே, யாரு வரணும்?" என்றார் சமையல்காரர். என் தங்கையின் நான்கு வயது மகள் வள்ளி இல்லை. அவள் என் பஸ்ஸில் வருவதாகத் தங்கை நினைத்திருந்தாள். தாயுடன் வருவதாக நான் நினைத்திருந்தேன். தங்கை அழவில்லை. அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பஸ்ஸில் உத்தமபாளையம் திரும்பினேன். பஸ் நிற்கும் இடத்தில் வள்ளி இல்லை. "வண்டிக்காரக ஆத்துப் பக்கம் போனாக" என்றார் அங்கிருந்த கடைக்காரர். ஓடினேன்.

காய்ந்த மரச்சக்கரம் ஊறி இறுகுவதற்காக ஒரு வண்டியை அச்சு முங்க ஆற்றில் நிறுத்திவிட்டு, வண்டிக்காரர் தள்ளி மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் வைக்கோலில் தூங்கிப்போயிருந்த வள்ளி அப்போதுதான் எழுந்து, கீழே இறங்கக் காலைத் தொங்கப்போட்டாள். கூப்பிட்டால் குதித்துவிடுவாள் என்று வாய் திறக்காமல் நீரில் இறங்கி அவளைப் பிடித்தேன்.

"பஸ் வந்துருச்சா மாமா?" என்றாள்.

இப்போதெல்லாம் பயணம் என்றால் ஆளுக்கொரு கொட்டைப்பாக்கு எண்ணித் தட்டில் வைக்கிறோம். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்த பிறகுதான் ஏறலாம். பாக்கை எண்ணுவதில் அத்தைக்கும் ஆட்சேபணை இல்லை. தட்டு காலியாகும்வரை வண்டி நகராது. தட்டைப் பிடித்து நிற்பவள் என் தங்கை.