கொட்டகைப் பேய் பக்கிரிசாமி

சின்ன வயதில் எந்தப் பேய்ப்படத்துக்குப் பயந்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். படத்தை யார் பார்த்தது? பெண்பிள்ளைகளைக் கொட்டகைக்குள் விட எங்கள் அப்பா என்ன லேசுப்பட்டவரா? எங்களைக் குலைநடுங்க வைத்தது, படத்துக்கு விளம்பரம் செய்யத் தெருவில் வந்த பேய்தான். அந்தப் பேயின் பெயர் பக்கிரிசாமி.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கப்பலேறிப் பினாங்குக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகு எங்கள் பக்கத்துச் சினிமாக் கொட்டகையில் சேர்ந்தார். நாற்காலி துடைப்பார், வாசலில் டிக்கெட் கிழிப்பார். பேய்ப்படம் வந்தால் மட்டும் அவர்தான் ராஜா. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட வெள்ளைத் துணியைத் தலையோடு மாட்டிக்கொண்டு, மாட்டு வண்டியில் தமுக்கடிக்கிறவனோடு வருவார். சூலியா தெருக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். வாயே திறக்க மாட்டார் மனுஷன். விரலை நீட்டி யாராவது ஒரு பிள்ளையைக் காட்டுவார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

எனக்குப் பயம் பாதி, குறுகுறுப்பு பாதி. அந்தத் துணிக்குள் எப்படி மூச்சு விடுகிறார்? உள்ளேயிருந்து பார்த்தால் நாங்கள் எப்படித் தெரிவோம்? தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்கா தனியாள்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். பக்கிரிசாமிக்கும் அங்கேதான் சாப்பாடு. ஒரு மத்தியானம் நேரே போய் அவரிடமே கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்தவர், பதில் சொல்லாமல் துணியை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். ஒரே வேர்வை நாற்றம். எதிரே இருந்த சுவர் தெரிந்தது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது தெரியவில்லை. அலறிப் பிடுங்கி எறிந்தேன்.

"பார்த்தியா பாப்பா, உள்ள இருக்கிறவனுக்குத்தான் பயம் ஜாஸ்தி," என்றார்.

அதற்குப் பிறகு குண்டு விழுந்தது. வெள்ளைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். நடுவில் கிடந்த நாள்களில் கிடங்குகளுக்குக் காவல் இல்லை, ஊரே அள்ளியது. அக்காவின் மகன் கோவிந்தராசுவும் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து போட்டான். சில மாதம் கழித்து ஒரு காலையில் தெருச்சனத்தையெல்லாம் திடலுக்கு விரட்டினார்கள். ஆண்கள் வரிசையாகக் குந்த வேண்டும், பெண்களும் பிள்ளைகளும் ஓரமாக. கிடங்கில் அள்ளியவன், ஜப்பான்காரனுக்கு ஆகாதவன் யார் யார் என்று காட்டிக்கொடுக்க, தலையில் சாக்குப்பை மாட்டிய ஒருவனைச் சிப்பாய்கள் நடத்தி வந்தார்கள். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் வாய் திறக்கவில்லை. விரலை மட்டும் நீட்டினான். கோவிந்தராசுவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை.

யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதே பேச்சு. அந்த முகமூடி பக்கிரிசாமிதான். அதே ஓட்டை, அதே விரல். அரிசி வந்தது வீட்டில் சாப்பிட்டவனுக்குத்தானே தெரியும்? அன்றைக்கு அவன் திடலில் இல்லையே? கொட்டகையை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டு, அங்கே வேலை செய்தவர்களுக்குக் கைப்பட்டை கொடுத்திருந்தான். பட்டை கட்டியவர்கள் திடலுக்கு வர வேண்டியதில்லை. அதையும் யோசித்துப் பார்க்கலாம் அல்லவா? யாரும் பார்க்கவில்லை. பெற்ற வயிறு எரிந்துகொண்டிருந்தது, அவளையும் குறை சொல்ல முடியாது. இந்த வாசலை மிதிக்காதே என்று அக்கா கதவைச் சாத்தினாள்.

அவர் மத்தியானம் தோறும் வந்து தெருவிலேயே நிற்பார். "நான் இல்லைக்கா" என்பார். கதவு திறக்காது. போய்விடுவார். ஆள் இளைத்து வற்றிப் போனார். ஜப்பான்காரன் ஒருநாள் போவான், அன்றைக்கு இருக்கிறது இவனுக்கு என்று தெருப் பையன்கள் கறுவிக்கொண்டு திரிந்தார்கள். என் அப்பா கொஞ்சம் மனசாட்சி உள்ளவர். ஜெலுத்தோங் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தார். அக்கா என்னை நம்பாமல் எங்கே போவது என்று கேட்டாராம்.

அந்த வருஷமே மறுபடி திடலுக்கு விரட்டினார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், பக்கிரிசாமி வந்துகொண்டிருந்தார். கையில் பட்டை கட்டியிருந்தது. வரவே வேண்டியதில்லை. பெண்கள் இருந்த பக்கமாக நடந்து, ஜெயலெட்சுமி அக்காவுக்கு நன்றாகத் தெரியும்படி முன்வரிசையில் போய்க் குந்தினார். ஏன் வந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சாக்குக்காரன் வந்தான். குட்டையாக, காலை இழுத்து இழுத்து நடந்தான். பக்கிரிசாமி இங்கே குந்தியிருக்கிறார், அவன் அங்கே நடக்கிறான். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அடப்பாவி, இவன் இல்லையா?" என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சாக்குக்காரன் முன்வரிசையில் நின்றான். விரல் பக்கிரிசாமியைக் காட்டியது. எதற்கு? அவனுக்குத்தான் வெளிச்சம். சிப்பாய் கைப்பட்டையை ஒரு பார்வை பார்த்து அறுத்துப் போட்டான்.

எங்களைத் தாண்டித்தான் லாரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியாக்கா? நான் இல்லைக்கா," என்றார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகம் தெளிந்திருந்தது.

அக்கா எழுந்துவிட்டாள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தள்ளியும் நிற்காமல் லாரிக்குப் பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, சாப்பிட வாடா," என்று கத்தினாள். "வீட்டுக்குச் சாப்பிட வாடா."