பென்சில் சாரும் இடது கன்னத்து மச்சமும்

1971 ஜனவரி 18. தனிப்படம் 212. தொகை 318.00
1972 ஜனவரி 20. தனிப்படம் 231. தொகை 346.50
1973 ஜனவரி 17. தனிப்படம் 226. தொகை 339.00
1974 ஜனவரி 21. தனிப்படம் 240. தொகை 360.00
1974 பிப்ரவரி 11. தனிப்படம் 1. தொகை இல்லை
1974 மார்ச் 5. தனிப்படம் 1. தொகை இல்லை

நான் எழுதிவந்த படக் கணக்கில் கடைசி இரண்டு வரிகளும் ஒரே பெண்ணின் முகத்துக்கானவை. அவள் எங்கள் பள்ளியின் புகைப்படக்காரருடைய மகள். நான் அங்கே எழுத்தராக இருந்தேன்.

புகைப்படக்காரரைப் பிள்ளைகள் பென்சில் சார் என்பார்கள். படம் எடுப்பது அவருக்கு ஒரு சடங்குதான். உண்மையான வேலை அதன் பிறகே ஆரம்பிக்கும். ஜன்னலோரம் சாய்வாக வைத்த கண்ணாடியில் நெகடிவைப் பொருத்தி, ஊசிபோல் சீவிய பென்சிலோடு உட்காருவார். முகத்தில் உள்ள மச்சம் நெகடிவில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அதன்மேல் மயிரிழைக் கோடுகள் போட்டு நிரப்பினால் படத்தில் மச்சம் இருக்காது. பருவும் இருக்காது, தழும்பும் இருக்காது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் அது அவருக்கு வெல்லக்கட்டி.

ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கோட்டு. ஒல்லியானவனுக்கு முதுகில் துணிக்கிளிப் போட்டு இறுக்குவார். பின்னால் தூணும் ஏரியும் வரைந்த திரை. தாடையை இறக்கச் சொல்லி, தலையை அரைக்கால் திருப்பி, மூச்சை நிறுத்தச் சொல்வார். ஒரு வாரம் கழித்துப் படங்கள் வரும்போது இருநூற்று நாற்பது பிள்ளைகளும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களாக இருப்பார்கள். பெற்றோருக்குப் பரம திருப்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படத்தை மாற்றி வாங்கிப்போய் மூன்று மாதம் சுவரில் மாட்டியிருந்தவர்களும் உண்டு.

தேர்வு விண்ணப்பத்தில் படமும் ஒட்ட வேண்டும், அங்க அடையாளமும் எழுத வேண்டும். பென்சில் சார் கைபட்ட முகத்தில் அடையாளம் தேடுவது வெட்டிவேலை என்பதால், பள்ளியில் அதை முழங்கையிலும் முழங்காலிலும் தேடுவது வழக்கமாயிற்று. 1974இல் எங்கள் பள்ளியிலேயே தேர்வு எழுதவிருந்த அவருடைய மகளுக்கும் முழங்கைத் தழும்பு ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இடது கன்னத்தில் பட்டாணி அளவு மச்சம் இருக்கும்போது கையை ஏன் தூக்க வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அப்படியே எழுதினேன்.

பிப்ரவரி 8 அன்று தேர்வு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. படத்தில் மச்சம் இல்லை. வேறு படம் அனுப்பாவிட்டால் அனுமதிச்சீட்டு கிடையாது. தேர்வு மார்ச் 18. தவறினால் ஒரு வருஷம் வீண்.

பென்சில் சார் வாரியத்தின் ரசனையைப் பற்றி வெகுநேரம் வருத்தப்பட்டார். பிறகு, தொடவே மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்து 11ஆம் தேதி புதிதாக எடுத்தார். சத்தியம் நெகடிவ் காயும்வரை நின்றது. மச்சத்தை அவர் அழிக்கவில்லையாம், கொஞ்சம் மென்மையாக்கினாராம். மார்ச் 4 அன்று வாரியத்தின் அடுத்த கடிதம் வந்தது: கன்னத்தில் இருப்பது மச்சமா, தூசியா என்று தெரியவில்லை.

அன்று மாலை கடிதத்தோடு ஸ்டூடியோவுக்குப் போனேன். அவருடைய மனைவி பெஞ்சில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"இவரைத் திருத்த முடியாது சார். எங்க கல்யாணப் படத்தைப் பார்த்துட்டு எங்க அண்ணனே, மாப்பிள்ளை பக்கத்துல யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டாரு."

பென்சில் சாருக்குக் கோபம் வரவில்லை. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். மகளிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்.

"பொம்பளப் புள்ளம்மா நீ. அந்தப் படம் எத்தனை இடத்துக்குப் போகும். அசிங்கமா இருக்க வேணாம்னுதானே செய்யிறேன்?"

"பரீட்சை எழுதப்போறது நான்பா. நீங்க அழகுபடுத்தி வச்சிருக்கீங்களே, அவ இல்ல."

மறுநாள் காலை மகளே விளக்கைச் சரிசெய்து, ஏரித்திரையைச் சுருட்டிவிட்டு, வெறும் சுவரின்முன் உட்கார்ந்தாள். கேமராவைச் சொடுக்கும் ரப்பர் பந்தைக் கையில் வைத்துத் தானே அழுத்தினாள். எட்டு வயதிலிருந்து இருட்டறையில் படம் கழுவியவள். நெகடிவை ஜன்னல் பக்கமே கொண்டுபோகாமல் பிரதி எடுத்தாள். அவ்வளவு நேரமும் அவளுடைய அப்பா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் சட்டைப் பையில் இருந்தது. படத்தில் மச்சம் இருந்தது, மூக்கில் ஒரு பரு இருந்தது, தூக்கமில்லாத கண்களும் இருந்தன. அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாள் அவர் தினமும் அலுவலகத்துக்கு வந்து, தபால் வந்ததா என்று கேட்காமல், பள்ளிக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். பதினோராம் நாள் வாரியத்தின் உறை வந்தது. உள்ளே அனுமதிச்சீட்டு; அடையாளம் ஒத்துப்போகிறது என்று ஒரு வரி. இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்குத் தோன்றியது இதுதான்.

"அந்த முதல் படத்தைத் திருப்பி அனுப்புவாங்களா சார்? நல்ல வேலை அது."

கேட்டு எழுதினேன். வாரியம் பதில் போடவில்லை. எனவே மகளின் விஷயத்தில் வந்த கடைசிக் கடிதம் அனுமதிச்சீட்டோடு வந்ததுதான். வந்த நாள், தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை, 1974 மார்ச் 16.