வெயிட்டு இப்ப எந்தக் கால்ல?

காலை யோகா வகுப்பில் எல்லோரையும் சவாசனத்தில் படுக்கவைத்திருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. ஆரோக்கியசாமியின் மனைவி பிலோமினா. "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா." தூக்கத்திலேயே மாரடைப்பு. நாற்பத்தாறு வயதுதான். படுத்திருந்தவர்களை நான் எழுப்பவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கிடந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கர்லாக்கட்டைகளையும் தெரியும். அடி பருத்து, பிடி சிறுத்த அந்த மரக்கட்டைகளைச் சுற்றத் தங்கவயலில் அவருடைய அப்பாவிடம் கற்றவர். பெங்களூரு வைட்ஃபீல்ட் குடியிருப்பின் சங்கத்தார் என் யோகாவோடு அதையும் சேர்த்து நடத்தச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது என்ன கரடி வித்தையா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு வாரம் பின்னாடி நின்னு பாக்கறேன் சார்" என்றார்.

வாரம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கிளாஸ் மொத்தமும் ஒரு பக்கமா சாயுது சார்." நான் சிரித்தேன். "நீங்க வலது கால்லயே நிக்கறீங்க. உங்களப் பாத்துதானே அவங்களும் நிக்கறாங்க?"

பல ஆண்டுகளுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் இடது கணுக்கால் முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் காலை நம்புவதையே விட்டுவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. உடலை உணரச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்கு! அவமானத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே போய்க் கட்டையைக் கேட்டேன். கண்ணை மூடி, இரு காலும் சேர்த்து நேராக நிற்கும் தாடாசனத்தில் நிற்கவைத்தார். இடது கையில் சின்னக் கட்டையைக் கொடுத்து, தலைக்குப் பின்னால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கேள்வி: "வெயிட்டு இப்ப எந்தக் கால்ல?" வலதில், வலதில் என்று சொல்லி எனக்குத்தான் அலுத்தது. "தெரியுதில்ல, அதுவே பெருசு" என்பார். ஐந்தாம் மாதம் ஒருநாள், "ரெண்டுலயும்" என்றேன். கண்ணைத் திறந்தால் மனிதர் அழுதுகொண்டிருக்கிறார். "இன்னா சார், இவ்ளோ லேட் பண்ணிட்டீங்க" என்று திட்டு வேறு.

ஆனாலும் விருட்சாசனத்தில் இடது கால் மட்டும் ஊன்றி நிற்கும்போது சுவரோரம் போய்விடுவேன். "சொவரு எத்தினி நாளைக்குக் கூட வரும்?" என்று கேலி செய்வார். இதற்குள் அவர் போய்விடுவார் என்று யார் கண்டார்கள்?

விவேக் நகர் தேவாலயத்தில் அவருடைய சவப்பெட்டியைத் தூக்கும்போது என் இடது தோளுக்குத்தான் இடம் இருந்தது. "வேணாண்ணா, உங்க காலு..." என்றாள் பிலோமினா. தோள் கொடுத்தேன். தேவாலயப் படியில் இறங்கும்போது இடது காலை ஊன்றவேண்டி வந்தது. பக்கத்தில் சுவர் இல்லை. பயந்துபோனேன். உடனே உள்ளுக்குள் அவர் கேள்வி.

"இடதுல, ஆரோக்கியம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். கால் தாங்கியது.

கட்டைகளை எடுத்துப்போகச் சொல்கிறாள் பிலோமினா. அவை அவர்கள் மகளுக்கு இருக்கட்டும். அவர் திருப்பித் தந்த என் இடது கால் எனக்குப் போதும்.