குட்டை மரங்களின் வீடு

ஸ்தெபானியா லிசாக்குக்கு அந்த வீட்டின் மேல் கோபம் இல்லை. அலுப்புதான். நாற்பத்தாறு வருஷமாக அதன் அடுப்புக்கு விறகு சுமந்தவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, மனிடோபாக் குளிரில் வீடு திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பை மூட்டியவள். கணவன் மெட்ரோ போய்ச் சேர்ந்த பிறகு கூரையில் ஏற ஆளில்லை. பனி உருகும் மாதத்தில் மூன்று இடத்தில் வாளி வைக்க வேண்டியிருந்தது. அறுபத்தேழு வயதில், வாளியைக் குனிந்து எடுப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

அதனால் அடுத்த நிலத்துக்காரன் வால்ட்டர், வீட்டை இடித்துக் காலி செய்து கொடுத்தால் நிலம் முழுவதையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. டவுனில் சின்ன ஃப்ளாட் ஒன்று பார்த்துவைத்தாள். விறகே வேண்டாம்; சுவரில் இருக்கிற திருகைத் திருப்பினால் சூடு வரும். பாத்திரங்களைப் பாதி பெட்டியில் கட்டியும் ஆயிற்று. ஒரே ஒரு தடங்கல்: குடியேறிகள் வந்த காலத்து மரவீடு எதையும், மரபுக் கட்டட அலுவலகத்து ஆள் வந்து பார்க்காமல் இடிக்கக் கூடாது.

ஆள் செப்டம்பரில் வந்தார். கிரெய்க் ஓர்டன் என்று பெயர், சாதுவான மனிதர். மெட்ரோ அடித்திருந்த தகரத்தை ஒரு மூலையில் கழற்றி, உள்ளேயிருந்த மண்பூச்சைச் சுரண்டி, மரத்தைத் தட்டிப் பார்த்தார். மதியம் அவள் கொடுத்த பீட்ரூட் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மனசு கஷ்டப்படாதீங்க, மிசஸ் லிசாக். இதைவிட நல்ல வீடுங்க இந்தப் பக்கத்துல நாலஞ்சு இருக்கு. இது பட்டியல்ல வராது."

அவளுக்கு எங்கே கஷ்டம்? உட்கார்ந்தபடியே தூங்கிவிடலாம் போல அத்தனை நிம்மதியாக இருந்தது.

காரணத்தை அவள் கேட்கவில்லை, அவரே சொன்னார். தொழில் தெரிந்தவன் கட்டிய வீட்டில் ஒரே மரம் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுமாம். இங்கே எல்லாம் துண்டு துண்டு. ஆறேழு அடிக்கு ஒரு கம்பம் நட்டு, அதில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, குட்டை மரங்களைச் செருகியிருக்கிறது. நெட்டை மரம் நிறைந்த காடு அன்றைக்கு வாசலிலேயே இருந்தும் இப்படி. அவசரக்காரன் வேலை என்று சிரித்தார். பெயரின் எழுத்து சரிதானா என்று கேட்பதற்காக, எழுதியதைப் படித்தும் காட்டினார்: கட்டியவர் தியோடர் லிசாக், பயிற்சி இல்லை, அக்கறையும் குறைவு.

தியோடர், மெட்ரோவின் அப்பாவைப் பெற்றவர். ஸ்தெபானியா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். மூடினாள்.

"தியோடர் கட்டலை," என்றாள், திரும்பாமலே.

"பத்திரத்துல அவர் பேர்தானே இருக்கு?"

"நிலம் அவர் பேர்ல இருந்துச்சு. வீட்டைக் கட்டினது அவர் பொண்டாட்டி பராஸ்கா. கூட அடுத்த நிலத்து அஹாபியா. ஆம்பள யாரும் இல்ல."

வீடு கட்டிய அந்த வருஷம் இருவரின் கணவன்மாரும் பனி உருகியதும் ரயில் பாதை போடப் போய்விட்டார்கள். முந்தின குளிர்காலத்தை எல்லாரும் தரையில் தோண்டிய குழிக்குள்தான் கழித்திருந்தார்கள். பராஸ்காவின் முதல் பெண் குழந்தை அந்தக் குழியில்தான் இருமி இருமிச் செத்தது. இன்னொரு குளிர்காலம் அதற்குள் இறங்கமாட்டேன் என்று அவள் கோடரியை எடுத்தாள். மரத்தைக் கயிற்றில் கட்டிப் பசுமாட்டை விட்டு இழுக்கவைத்தார்கள். கம்பத்துக்கு மேலே ஏற்றுவதற்கு மட்டும் மாடு உதவவில்லை; தோளில்தான் ஏற்றினார்கள். முதல் பனி விழுந்தபோது தியோடர் திரும்பி வந்து பார்த்தால், சுவர் நின்றது, புகைபோக்கியில் புகை வந்தது.

யார் சொன்னார்கள் என்று ஓர்டன் கேட்டார்.

"பராஸ்கா பாட்டியேதான். கடைசி ரெண்டு வருஷம் நான்தான் குளிப்பாட்டினேன். வலது தோள்ல ஒரு குழி இருக்கும். கேட்டதுக்குச் சொன்னாங்க." பிறகு, "ரெண்டு பொம்பளைங்க தூக்க முடிஞ்ச நீளத்துக்குத்தான் வெட்டினாங்க, சார். அவசரம் இல்ல," என்றாள்.

ஓர்டன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் மண்ணாக உள்ளே வந்தார். ஏழடிக்கு மேல் ஒரு மரம்கூட இல்லை. மேலே போகப் போக மரங்கள் மெலிந்துகொண்டும் போயின.

"இதை எழுதினா நிச்சயம் பட்டியல்ல சேர்த்துடுவாங்க. அப்புறம் இடிக்க முடியாது." கட்டிவைத்த பெட்டிகளை அவர் பார்த்தார். "முதல்ல எழுதினதை அப்படியே விட்டுடவா? நீங்க சொன்னது நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். அந்த மனிதர் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஃப்ளாட்டின் சுவர்த் திருகும் நினைவுக்கு வந்தது.

"அக்கறை குறைவுன்னு போட்டிருக்கீங்களே, அதை அடிச்சிட்டு நடந்ததை எழுதுங்க," என்றாள்.

வால்ட்டர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வந்து, "மரத்துண்டுக்காக மாடா உழைக்கப் போறீங்களா, அத்தை?" என்று அங்கலாய்த்துவிட்டுக் கூரைமேல் தார்ப்பாய் கட்டிக்கொடுத்தான். வின்னிபெக்கிலிருந்து மகள் லெஸ்யா போனில் பொரிந்தாள்.

"வாயைத் திறக்காம இருந்திருக்கலாமேம்மா."

"இருந்திருக்கலாம்," என்றாள் ஸ்தெபானியா.

வீட்டைப் பட்டியலில் சேர்த்த ஆணை வர ஏறக்குறைய இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு குளிர்காலமும் அவள் விறகு சுமந்தாள். இரண்டாவதில் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பராஸ்கா, அஹாபியா இருவர் பெயரும் பொறித்த பலகையை ஒரு மே மாதக் காற்றில் வாசலில் பதித்தார்கள். பேச்சு நீண்டது. அவளால் நிற்க முடியாமல் வால்ட்டரின் லாரியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் போன பிறகு இறங்கி வந்து, பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். இல்லை.

வீட்டை ஊராட்சி எடுத்துக்கொண்டது, வயலை வால்ட்டர் வாங்கினான். இலையுதிர் காலத்தில் அவள் டவுனுக்குப் போனாள். அங்கே முதல் வாரம் முழுக்க, பகலிலும் தூங்கினாள்.