டிரம்மில் ஒட்டிய பூவரசு இலை

போன வாரம் என் மகள் காரின் பின்சீட்டில் மறந்துவிட்டுப் போன கிரேயான் டப்பா, வேலூர் வெயிலில் உருகி ஒரே குழம்பாகிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் வந்ததே ஒரு வாசனை! சீட் பாழாய்ப் போன துக்கம்கூட எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது ஆம்பூர்.

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு பிரியாணி மணக்கும். அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் தோல் மணக்கும். எனக்கு மட்டும் சூடான மெழுகு. நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஷூ கம்பெனியின் டிசைன் ரூமில், மெழுகில் படம் போடும் கலர் பிரிண்டர் ஒன்று இருந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புவதும் அந்த பிரிண்டரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. எங்கள் மேனேஜர் தேவராஜ் சாருக்கு அதன்மேல் அப்படி ஒரு பாசம். ஆயுத பூஜைக்கு மற்ற மிஷின்களுக்கெல்லாம் பொட்டு. அதற்கு மட்டும் மாலை.

மை என்றால் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தவன் நான். இதற்கு மை கட்டியாக வரும், குட்டி சோப்பு மாதிரி. நீலத்துக்கு ஒரு வடிவம், மஞ்சளுக்கு வேறு வடிவம். இடம் மாற்றிப் போட்டால் உள்ளே இறங்காது (போட்டுப் பார்த்திருக்கிறேன்). கட்டி உள்ளே உருகி, பொடிப்பொடித் துளிகளாக ஓர் உலோக உருளையின் மேல் படமாக விழும். அதுதான் டிரம். தாள் அதன்மேல் அழுந்திப் போகும்போது படம் அப்படியே தாளுக்கு வந்துவிடும். தோசை ஒட்டாமல் வர கல்லில் எண்ணெய் தடவுகிறோமே, அதே கதைதான் இங்கேயும். எண்ணெயில் ஊறிய ரோலர் ஒன்று முதலில் டிரம்மைத் தடவும்; பக்கத்திலேயே ஒரு ரப்பர் பட்டை மிச்சத்தை வழித்துவிடும். இரண்டும் சேர்ந்த பெட்டிக்கு மெயின்டனன்ஸ் கிட் என்று பெயர். எண்ணெய் ஜாஸ்தியானால் பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி தாளில் கறை. கம்மியானால் மெழுகு கொஞ்சம் டிரம்மிலேயே தங்கி, அடுத்த தாளில் போய் மங்கலாக உட்கார்ந்துகொள்ளும். அதைப் பேய் என்போம். பேய் வந்தால் நாலைந்து வெறும் தாள்களை உள்ளே விட்டு எடுப்போம். ஒட்டியதெல்லாம் அவற்றோடு வந்துவிடும்.

நான் சொல்ல வந்த நாட்களில் கிட் கிழடாகிப் போய் தினம் பேய்தான். புது கிட்டோடு சென்னையிலிருந்து ஆள் வருவார் என்றார்கள். அவர் வரும்வரை யாரும் சொந்த வேலைக்கு பிரிண்ட் எடுக்கக் கூடாது என்று தேவராஜ் சார் உத்தரவு போட்டிருந்தார்.

அப்போது டிசைன் ரூமில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தாள். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். கீழே தையல் லைனில் ஷூவின் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள், சாயங்காலங்களில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு மாடிக்கு வந்தாள். ஆனால் அவள் வரைந்த எதையும் எந்த பையரும் எடுக்கவில்லை. “இந்த சீசன்லயும் ஒண்ணும் போவலைன்னா திரும்ப லைனுக்கே போய்டும்மா” என்று சார் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் சொல்லச் சொன்னது. அன்றிலிருந்து ஸ்டெல்லா மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், மூடுவாள், அவ்வளவுதான்.

அந்த சீசனுக்கு பையராக வந்தது உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மாள். முந்தின நாளே பிரிண்ட் எடுத்து மேஜையில் பரப்பி வைத்திருந்த படங்களையெல்லாம், வாழைப்பழத் தோலைத் தள்ளுவதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். ஸ்டெல்லாவின் படங்களும் அதில் போயின. அந்த அம்மாள் கைப்பையை எடுத்தபோது ஸ்டெல்லா என் காதருகே வந்தாள்.

“இன்னும் ஒண்ணு வரஞ்சி வெச்சிருக்கேன். சார்கிட்ட கூட காட்டல. எடுத்துத் தர்றியா?”

“வெறுந்தாள் வுட்டு எடுக்காம பேய் வருமே!”

“வந்தா வரட்டும். அவங்க கெளம்பிட்டா நான் இன்னா பண்றது?”

எடுத்தேன். தாள் வந்தது. வெளிர் பழுப்பில் ஒரு பெண்கள் ஷூ. அதன்மேல், பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதுபோல, இதய வடிவில் ஒரு பச்சை இலை, நரம்புகளோடு. குதிகால் பக்கம் தமிழில் மங்கலாக ஓர் எழுத்து வரிசை: பூவரசு.

திரும்பிப் பார்த்தேன். தேவராஜ் சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மகளின் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு இலைப் படங்கள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன்!

வேறு தாள் எடுக்கலாம் என்று நான் திரும்புவதற்குள் அந்த அம்மாள் கை நீட்டி வாங்கிவிட்டார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். குதிகாலில் விரலை வைத்து, இது என்ன எழுத்து என்று கேட்டார்.

சார் தொண்டையைச் செருமினார். “டிரெடிஷனல் மோட்டிஃப்...” என்று ஆரம்பித்தார்.

ஸ்டெல்லா குறுக்கே வந்தாள். அவள் ஆங்கிலம் எண்ணி எடுத்து வைப்பது மாதிரி இருக்கும். இது டிசைன் இல்லை மேடம், பிரிண்டர் பழசு, எங்கள் மேனேஜரின் பெண்ணுடைய வீட்டுப்பாடம் இதில் ஒட்டிக்கொண்டது, ஷூ மட்டும்தான் நான் வரைந்தது என்று சொன்னாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தையல் லைன் அவள் கண்ணில் தெரிந்தது.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, இலை இருக்கட்டும், அந்த வார்த்தையும் இருக்கட்டும், இதே போல இன்னும் இரண்டு தாள் வேண்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகலெடுக்க அந்தத் தாளை ஸ்கேனரில் வைத்தோம், ஷூ வந்தது, அந்த மெல்லிய இலை வரவில்லை. சரி, மறுபடி பேயை வரவழைப்போம் என்று சாரின் மகளுடைய இலைப் படத்தைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் சென்னை ஆள் வந்து சேர்ந்தார். டீ குடிக்கக்கூட நிற்காமல் பழைய கிட்டை உருவிப் போட்டுப் புதியதை மாட்டிவிட்டார். நல்ல சுறுசுறுப்பு. இலையை அடித்து, உடனே ஷூவை அடித்தோம். ஷூ பளிச்சென்று வந்தது. பேய் போயே போய்விட்டது.

“அண்ணே, பழசையே மாட்டுங்க!” என்று கத்தினாள் ஸ்டெல்லா.

அவர் திகைத்துப்போனார். “எல்லாரும் பேய் போவணும்னுதாம்மா கூப்புடுவாங்க. நீங்க இன்னா, வரணும்ன்றீங்க?”

“தயவு பண்ணி மாட்டுப்பா. எல்லாம் என் பொண்ணால வந்த பேஜாரு” என்றார் சார்.

குப்பைக் கூடையிலிருந்து கிழட்டு கிட் மறுபடி உள்ளே போனது. புது ரோலர் தடவியிருந்த எண்ணெய் தீரும்வரை இலை ஒரு தாள், ஷூ ஒரு தாள் என்று மாறி மாறி அடித்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நரம்பு. பிறகு பாதி இலை. முழு இலை குதிகாலில் பெயரோடு வந்து விழுந்தபோது, பூச்சியெல்லாம் பார்த்துப் பயப்படாத ஸ்டெல்லா ‘ஐயோ’ என்று அலறினாள். சென்னை ஆளும் எங்களோடு சேர்ந்து கை தட்டினார்.

அந்த ஷூ ஆர்டரானது. ரொம்பப் பெரிய ஆர்டர் இல்லை. ஆனால் எழுத்தும் இலையுமாகவே போனது. ஸ்டெல்லா மாடியிலேயே இருந்தாள். பிறகு எத்தனையோ வரைந்து, இப்போது எங்கோ ஒரு நாட்டில் பெரிய ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவுக்குத் தலைவி. ஃபோன் செய்தால் இன்னும் “இன்னாபா” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

அந்த மாதிரி பிரிண்டரை இப்போது யாரும் செய்வதில்லை என்கிறார்கள். கரண்ட் போய்ப் போய் வந்த காலம் அது. ஒவ்வொரு முறை வந்ததும் மெழுகு முழுசாக உருகிச் சூடேற நெடுநேரமாகும். அதுவரை மாடியில் இருந்த அத்தனை பேரும் அதைச் சுற்றி நிற்போம். யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் அப்பாவுக்குச் சர்க்கரை, யார் ஜோலார்பேட்டையில் மனை வாங்கினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். இப்போது நான் இருக்கும் அலுவலகத்தில் பட்டனை அழுத்திவிட்டு எழுந்திருப்பதற்குள் தாள் வந்து விழுந்துவிடுகிறது. பக்கத்து மேஜைப் பையனுக்குக் கல்யாணமானதே, அவன் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.