பட்டித் தகடு எட்டாத பூஞ்சை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கும்மிடிப்பூண்டியில் பாதிக் கம்பெனிகளின் சுவர்ப் பூஞ்சையைச் சுரண்டி ஒழித்தே மாடி வீடு கட்டினேன்.

குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் மனைவிக்குக் காய்ச்சல் தணியவில்லை.

"குடல்ல எப்பவும் இருக்கிற பூஞ்சைதாங்க. ஆன்டிபயாடிக்ல நல்ல கிருமியும் செத்துப்போச்சு, குடலும் பலவீனம். அது பெருகி ரத்தத்துல கலந்துடுச்சு," என்றார் டாக்டரம்மா.

"எங்ககீதுன்னு காட்டும்மா, சொரண்டிர்றேன்."

"சுவர் இல்லீங்களே ஐயா."

சட்டைப்பையில் சுவர் சுரண்டும் பட்டித் தகடு இருந்தது. ஐசியூ கண்ணாடிக்கு வெளியே அதைத் தடவிக்கொண்டே நின்றேன். உள்ளே நினைவில்லாமல் கிடந்தவளுக்குப் பூஞ்சைக்கான மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

பல நாள் கழித்துக் கண் திறந்தவள், "இன்னாய்யா, சொவத்தைப் பாக்கிறாப்ல பாத்துக்கினு கீறே?" என்றாள்.

எல்லோரும் டாக்டரம்மாவைப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஒன்றும் செய்ய முடியாமல் அங்கே நின்றேனே, நான் பார்த்ததிலேயே கடினமான வேலை அதுதான். அதையும் என் வேலைக் கணக்கில் எழுதுங்கள்.